முயலும் உலர்புல்லும்

முயல் வளர்ப்பது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். முயல் குரைப்பதில்லை, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதில்லை, சிறிய இடத்திலும் வாழ்ந்துவிடும். தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும், மாட்டுங்காவின் பழைய மாடிக் குடியிருப்பிலும், செம்பூரின் அடுக்ககத்திலும் முயலுக்கு ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. ஆனால் அம்மூலையில் எப்போதும் இருக்க வேண்டிய ஒரு பொருள் பல வீடுகளில் இருப்பதில்லை. அதுவே புல்.

படப் புத்தகங்களில் முயல் கேரட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் முயலுக்குக் கேரட்டும் ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுக்கின்றனர். முயலும் அவற்றை விரும்பித் தின்னும். சில மாதங்கள் கழித்து ஒருநாள் அது தின்பதை நிறுத்திவிடும். மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும். மறுநாள் இறந்தும் போகலாம். நோய் எதுவும் இல்லாமல் இறந்துவிட்டதே என்று வீட்டார் வருந்துவர். நோய் இருந்தது. உணவில் நார் இல்லாமையால் குடல் நின்றுபோனதே அந்நோய்.

"மும்பையில் புல்லுக்கு எங்கே போவது? கடையில் விற்கும் புல் விலை மிகுதி ஆயிற்றே!" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், புல்லின் விலையால் மட்டும் செலவு கூடுவதில்லை. வாங்கிய புல் மழைக்காலத்தில் பூசணம் பூத்துக் குப்பைக்குப் போவதாலும் செலவு கூடுகிறது. ஆகவே, எங்கே வாங்குவது என்பதோடு எப்போது வாங்குவது, எப்படிக் காப்பது என்பனவற்றையும் அறிந்துகொண்டால், குறைந்த வருவாய் உள்ள குடும்பமும் முயலுக்கு ஆண்டு முழுவதும் நல்ல புல் கொடுக்க இயலும்.

முயலின் பல்லும் குடலும்

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. கரடுமுரடான புல்லை நாள் முழுவதும் மெல்லும்போது பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. வளர்ச்சியும் தேய்மானமும் சமமாகின்றன. ரொட்டியை மெல்ல வேண்டிய தேவையே இல்லை. அதனால் பற்கள் நீண்டு, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பிறகு பசி இருந்தும் முயலால் தின்ன முடியாது.

குடலின் செய்தி இன்னும் வியப்பானது. மாட்டைப் போல முயல் அசைபோடுவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அதற்கு ஒரு பெரிய குடற்பை உண்டு. அதில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அச்சத்து மென்மையான சிறு உருண்டைகளாக வெளிவரும். முயல் அவற்றை வாயாலேயே எடுத்து மீண்டும் தின்றுவிடும். இதைக் கண்டு அருவருப்பதற்கு ஒன்றுமில்லை; மாடு அசைபோடுவதற்கு ஈடாக முயலுக்கு இயற்கை தந்த வழி இது. இந்த வேலை முழுவதும் நின்றுவிடாமல் நடப்பதற்கு, நீண்ட நார் குடல் வழியே இடைவிடாமல் சென்றுகொண்டிருக்க வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. எனவே, குடல் நின்றால் உள்ளே சென்றது அங்கேயே தங்கி வாயுவாகிவிடும். ஒரு முயல் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மும்பையில் பரேல் பகுதியில் விலங்குகளுக்கென்றே பழைமையான மருத்துவமனை ஒன்று உள்ளது.

வளர்ந்த முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவே இருக்க வேண்டும் என்று விலங்கு மருத்துவர்கள் கூறுகின்றனர். எஞ்சியது கொத்தமல்லி போன்ற கீரைகளும் சிறிதளவு தீவனக் குருணையும் ஆகும். கேரட் இனிப்புப் பண்டத்தைப் போன்றது. எப்போதாவது ஒரு துண்டு போதும். ரொட்டியும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டா.

உலர்புல் வேறு, வைக்கோல் வேறு

பச்சைப் புல்லைப் பூப்பதற்கு முன்னோ பூக்கும் பருவத்திலோ அறுத்து, வெயிலில் காயவைத்தால் கிடைப்பது உலர்புல். நெல்லைக் கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள் வைக்கோல். உலர்புல்லில் இலையும் சத்தும் உண்டு. வெளிர்பச்சை நிறமும் இனிய மணமும் உண்டு. வைக்கோலின் சத்தெல்லாம் நெல்மணிக்குப் போய்விட்டது; மிஞ்சிய தாள் மஞ்சள் நிறமாக இருக்கும். மாடு தன் நான்கு அறை வயிற்றால் வைக்கோலிலிருந்தும் ஓரளவு சத்தை எடுத்துக்கொள்ளும். முயலுக்கு அது படுக்கையாக உதவுமே தவிர உணவாகாது.

இந்த வேறுபாட்டைத் தமிழில் தெரிந்துகொள்வதோடு மும்பைக் கடைத்தெருவின் மொழியிலும் தெரிந்துகொள்வது நல்லது. மராத்தியில் புல்லைக் 'கவத்' என்பர். வைக்கோலைப் 'பேண்டா' என்பர். சோளத்தட்டையைக் 'கடபா' என்பர். தீவனக் கடையில் பொதுவாகச் 'சாரா' என்று கேட்டால், மாட்டுக்குரிய எதையும் எடுத்துத் தந்துவிடுவர். கேட்க வேண்டியது காய்ந்த கவத். கடபாவின் தண்டு முயலின் சிறு வாய்க்கு மிகவும் தடித்தது.

ஏப்ரல், மே மாதங்களில் இரத்னகிரி மாம்பழப் பெட்டிகளுக்குள் மெத்தை போல வைக்கோலோ காய்ந்த புல்லோ இருக்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதை முயலுக்குப் போடுவோர் உண்டு. அது கூடாது. பழத்தின் மேல் தெளித்த மருந்தோ, பழுக்க வைக்கும் பொருளோ அதில் படிந்திருக்கலாம்.

நகரத்தில் புல்

மும்பைக்கும் புல்லுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு மாடு மேய்ப்பதற்குக் கட்டணம் விதித்தபோது, அதைச் செலுத்த இயலாதவர்களுக்காகச் சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் தம் பணத்தில் 20,000 ரூபாய் செலவிட்டு, தாக்கூர்துவார் அருகே கடலோரப் புல்வெளியை 1838ஆம் ஆண்டில் வாங்கி, இலவச மேய்ச்சலுக்கு விட்டார் என்பர். 'சர்னே' என்றால் மேய்தல். இன்று மின்தொடர் வண்டிகள் நிற்கும் சர்னி ரோடு நிலையத்தின் பெயர் இதிலிருந்தே வந்தது என்று சொல்லப்படுகிறது. வேறு விளக்கம் கூறுவாரும் உளர். 1874இல் இந்நகரில் டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவற்றை இழுத்தவை குதிரைகளே. அக்குதிரைகளுக்கும் புல் வேண்டியிருந்தது. பிறகு எருமைக் கொட்டில்கள் பெருகின. அவற்றை மும்பையில் 'தபேலா' என்பர். 1949இல் கோரேகானில் ஆரே பால் குடியிருப்பு உருவானபோது, ஆயிரக்கணக்கான எருமைகளோடு அவற்றுக்கான தீவனப்புல்லும் அங்கு வளர்க்கப்பட்டது.

எருமை உள்ள நகரத்தில் புல் வணிகமும் இருக்கும். மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்து மலைச்சரிவுகளில் மழைக்காலம் முழுவதும் புல் வளர்கிறது. அக்டோபர் மாதத்திலிருந்து வார்லி முதலான பழங்குடி மக்கள் அதை அறுத்துக் காயவைக்கின்றனர். காய்ந்த புல் கட்டுகளாகக் கட்டப்பட்டு, சரக்கு வண்டிகளில் தபேலாக்களுக்கு வருகிறது. வளர்ப்பு உயிர்க் கடையில் அழகிய பையில் விற்கும் புல்லைவிட இது மிகவும் மலிவு. ஆனால் இதை அப்படியே முயலுக்குப் போடலாகாது. மலைப்புல்லில் ஊசிப்புல் கலந்திருக்கும். அதன் கூரிய விதை முயலின் கண்ணிலும் ஈறிலும் ஏறிவிடும். ஒரு துணியை விரித்து, புல்லை உதறி, ஊசி போன்ற கதிர்களையும் தடித்த தண்டுகளையும் நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும். ஒரு கட்டில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு கழிந்தாலும் அது மலிவாகவே அமையும். கழிந்ததும் வீணன்று, முயலின் மலத்தட்டில் விரிப்பாகும்.

கடைகளில் 'திமோதி' என்னும் புல் விற்கப்படுகிறது. அது குளிர்நாட்டுப் புல். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதைப் பரப்பிய திமோதி ஹான்சன் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. கப்பலில் வருவதால் விலை கூடுகிறது. முயலுக்குத் திமோதியே வேண்டும் என்று நினைப்பது தவறு. இந்தியாவில் விளையும் ஓட்ஸ் புல்லும் ரோட்ஸ் புல்லும் அதே பணியைச் செய்யும். 'லசூண் காஸ்' என்று மும்பையிலும் குதிரைமசால் என்று தமிழிலும் வழங்கும் தீவனம் மட்டும் வேறு வகை. அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. குட்டிகளுக்கு அது நல்லது. ஆறு மாதம் கடந்த முயலுக்கு அன்றாட உணவாக ஏற்றதன்று.

வெளிநாடுகளில் முயலுக்கென்று விற்கும் உலர்புல் வகைகளுள் 'பெர்முடா புல்' என்பது ஒன்று. அது வேறெதுவும் அன்று, தமிழரின் அறுகம்புல்லே. மராத்தியரும் அதைத் 'தூர்வா' என்று பிள்ளையாருக்குச் சாத்துகின்றனர். மாட்டுங்காவில் கோயில்களை ஒட்டிய பூக்கடைகளிலும், தாதர் பூச்சந்தையிலும் அது நாள்தோறும் விற்பனைக்கு வருகிறது. பூசைக்குரிய சிறு கட்டாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. மாலையில் கடை கட்டும் நேரத்தில் விற்காமல் மிஞ்சிய அறுகம்புல்லைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பெறலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. இறைவனுக்குச் சாத்திக் கழித்த மாலையிலிருந்து, அதாவது நிர்மால்யத்திலிருந்து, அறுகம்புல்லை எடுத்து முயலுக்குக் கொடுக்கக் கூடாது. அம்மாலைகளில் அரளியும் எருக்கும் கலந்திருக்கும். இரண்டும் நஞ்சு. அரளியின் ஓர் இலைத்துணுக்கும் சிறிய முயலுக்கு உயிர்க்கேடு விளைவிக்கலாம். பூக்கடைப் புல்லிலும் அரளி இலை விழுந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, நீரில் அலசிய பிறகே காயவைக்க வேண்டும்.

மும்பையின் கோயில் வாசல்களில் ஒரு பசுவைக் கட்டி, அருகே புல்கட்டுகளுடன் பெண்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். வழிபட வருவோர் காசு கொடுத்து ஒரு கட்டை வாங்கிப் பசுவுக்கு ஊட்டுவர். அந்தப் பசும்புல்லையும் வாங்கிக் காயவைக்கலாம். ஆனால் இருப்புப்பாதை ஓரத்துப் புல்லும், சாக்கடையை ஒட்டி வளர்ந்த புல்லும், வண்டிப்புகை படியும் சாலையோரப் புல்லும் ஆகா. அடுக்ககத் தோட்டத்தில் இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல்லும் ஆகாது. பொடியாக நறுக்கப்பட்டுக் குவிந்த புல் சில மணி நேரத்திலேயே சூடேறிப் புளித்துவிடும்.

பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. எனவே நான்கு அல்லது ஐந்து கிலோ பசும்புல் காய்ந்தால் ஒரு கிலோ உலர்புல் கிடைக்கும். விலை பேசும்போது இக்கணக்கை மறக்கக் கூடாது. மொட்டை மாடியிலோ சன்னல் கம்பியிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பி, காலையும் மாலையும் புரட்டிவிட வேண்டும். முதல் நாள் வெயிலில் வாட்டி, அடுத்த இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான நிழலில் உலர்த்தினால் பச்சை நிறம் மங்காது. மூலிகைகளை நிழலில் உலர்த்த வேண்டும் என்று ஊரில் பாட்டி சொல்வதும் இதே காரணத்தால்தான். நவம்பர் முதல் மே வரை மும்பையில் இது இயலும். ஜூன் வந்துவிட்டால் இயலாது.

உண்மையான விலை

இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் உலர்புல் வேண்டும். மாதத்திற்கு 3 கிலோ. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

பெரிய பை மலிவு என்பது பொதுவான எண்ணம். ஒரு கணக்கைப் பார்ப்போர்க்கு அது எப்போதும் உண்மையில்லை என்பது விளங்கும். 5 கிலோப் பை ஒன்றின் விலை 1,500 ரூபாய், 1 கிலோப் பையின் விலை 400 ரூபாய் என்று கொண்டால், பெரிய பையில் ஒரு கிலோ 300 ரூபாய் ஆகிறது. ஆனால் ஜூலை மாதத்தில் அப்பையில் 2 கிலோ பூசணம் பூத்துவிட்டது என்றால், முயல் தின்றது 3 கிலோ மட்டுமே. இப்போது ஒரு கிலோவின் விலை 500 ரூபாய். சிறிய பையே மலிவாகிவிட்டது! கொடுத்த பணத்தை வாங்கிய எடையால் வகுக்காமல், முயல் தின்ற எடையால் வகுப்பதே சரியான கணக்கு.

தூதஞ்சல் வழியாக வரவழைக்கும்போது இன்னொரு செய்தி உண்டு. உலர்புல் எடை குறைந்தது. இடம் மிகுதியாக அடைப்பது. 25 கிலோ அரிசி கொள்ளும் பையில் இரண்டு கிலோ உலர்புல் அடங்குவதே அரிது. தூதஞ்சல் நிறுவனங்கள் எடையைப் பாராமல் பெட்டியின் நீள, அகல, உயரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறுவதுண்டு. ஆகவே அழுத்திக் கட்டிய கட்டாக வாங்குவதும், ஒரே பகுதியில் முயல் வளர்க்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே முறையில் வாங்கிப் பிரித்துக்கொள்வதும் செலவைக் குறைக்கும். தாராவி வீட்டில் இடமில்லை. செம்பூரில் உறவினர் வீட்டில் பரண் இருக்கிறது. புல் அங்கே இருக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு பை எடுத்து வரலாம்.

வீணாவதைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. புல்லைத் தரையில் கொட்டினால் முயல் அதன்மேல் உட்கார்ந்து சிறுநீர் கழித்துவிடும். பிறகு அதைத் தொடாது. கூண்டின் பக்கத்தில் தரையிலிருந்து சற்று உயரத்தில் ஒரு தட்டையோ தாங்கியையோ பொருத்தி, அதில் புல்லை வைக்க வேண்டும். தாங்கியின் இடைவெளி முயலின் தலை நுழையாத அளவுக்குச் சிறிதாக இருத்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் காப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கத்தில் வைக்கோற்போரைப் 'படப்பு' என்பர். தாராவியில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அப்பகுதியிலிருந்து வந்தவர்கள். தாத்தாவிடம் கேட்டால் படப்பு போடும் முறையைச் சொல்வார். மேட்டு நிலத்தைத் தேர்ந்து, தரையில் கல்லோ கட்டையோ பரப்பி, அதன்மேல் வைக்கோலை அடுக்குவர். உச்சியைச் சரிவாக வேய்ந்து முடிப்பர். கீழிருந்து ஈரம் ஏறாது. மேலிருந்து விழும் மழை வழிந்தோடிவிடும். ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நின்றாலும் படப்பின் உட்பகுதி உலர்ந்தே இருக்கும்.

அம்முறையை அப்படியே மும்பைக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இடக்குறைவு மட்டுமன்று, காற்றும் ஆகும். மும்பை சாந்தாகுரூசில் ஜூலை மாதத்தில் மட்டும் இயல்பாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. திருநெல்வேலியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய அவ்வளவே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், தோல் காலணியில் வெண்பூசணம் படரும். மழைத்துளி ஒன்றும் படாவிட்டாலும், உலர்புல் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

புல்லின் எடையில் ஈரம் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது கெடாது. அதற்கு மேல் போனால் பூசணம் வளரத் தொடங்கும். பூசணம் பூத்த புல் முயலின் குடலையும் மூச்சையும் கெடுக்கும். அதன் தூள் வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும், இளைப்பு நோய் உள்ள பெரியவர்களுக்கும் தீங்கு செய்யும். பூத்த பகுதியை மட்டும் எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்று கருதுவது சிக்கனம் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத பூசண இழைகள் பை முழுவதும் பரவியிருக்கும்.

உலர்புல்லைத் துணிப்பையிலோ சாக்கிலோ துளையிட்ட அட்டைப்பெட்டியிலோ வைக்க வேண்டும், காற்றுப் புகாத பெட்டியில் வைக்கக் கூடாது என்று குளிர்நாட்டார் எழுதிய கையேடுகள் கூறும். அங்குள்ள காற்று உலர்ந்தது. பையின் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற அது வழிவிடும். மும்பையிலும் நவம்பர் முதல் மே வரை இம்முறையே சிறந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை இட்டு, சுவரைத் தொடாமல், சாக்கில் கட்டி வைத்தால் போதும்.

மழைக்காலத்திலோ நிலைமை தலைகீழாகிறது. ஈரம் வெளியேதான் இருக்கிறது. துணிப்பை அதை உள்ளே விடும். ஆகையால் மே மாத இறுதியில் நல்ல வெயிலில் ஒருநாள் புல்லை மீண்டும் காயவைத்து, ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவிலோ அரிசி டிரம்மிலோ அடைத்துவிட வேண்டும். அரிசிக்கும் முறுக்குக்கும் செய்வதையே புல்லுக்கும் செய்வதாகும் இது. ஒரே பெரிய டிரம்மில் எல்லாவற்றையும் வைத்து நாள்தோறும் திறந்தால் பயனில்லை. நான்கு சிறிய டப்பாக்களில் பிரித்து அடைத்து, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் மட்டும் இதுவே கேடாகிவிடும். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி வெகு விரைவில் பூசணமாகும்.

புல் போதிய அளவு காய்ந்துவிட்டதா என்பதை அறிய உழவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்றை மாணவரும் செய்து பார்க்கலாம். சிறிது தூளுப்பை வாணலியில் வறுத்து ஆறவைக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் ஒரு கைப்பிடி புல்லை நறுக்கிப் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்பையும் இட்டு, மூடிக் குலுக்கிச் சிறிது நேரம் வைக்க வேண்டும். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் புல் காய்ந்துவிட்டது. உப்பு கட்டியாகிச் சீசாவின் பக்கங்களில் ஒட்டினால் இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும். அடுக்களை உப்பைக் கவனிப்பதும் நல்லது. உப்புச் சாடியில் உப்பு நீர்க்கத் தொடங்கும் நாளிலிருந்து, திறந்து வைத்த புல்லும் ஈரம் ஏற்கத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

டப்பாவும் டிரம்மும் சாக்கும் வாங்கத் தாராவிக்காரர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. மும்பை முழுவதிலும் கழித்த தகரமும் நெகிழியும் தாராவியில் தரம் பிரிக்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வருகின்றன. பழைய எண்ணெய் டின்னும் பிஸ்கட் டின்னும் வெந்நீரில் கழுவிக் காயவைத்தால் மிக நன்றாகப் பயன்படும். சாயமோ, பூச்சிமருந்தோ, தோல் பதனிடும் பொருளோ இருந்த டிரம்மை மட்டும் எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. உரச்சாக்கும் சிமெண்டுச் சாக்கும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

தகர டப்பாவால் இன்னொரு நன்மையும் விளைகிறது. சாக்கை எலி கடிக்கும்; தகரத்தைக் கடிக்க முடியாது. மும்பையில் மழைக்காலத்தில் எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஆண்டுதோறும் மக்களைத் தாக்குகிறது. எலி நடமாடிய தடம் தெரியும் புல்லை முயலுக்கும் போடாமல், வெறுங்கையாலும் தொடாமல் அப்புறப்படுத்த வேண்டும். உலர்புல் எளிதில் தீப்பற்றும் என்பதையும் சிறிய வீடுகளில் மறத்தல் ஆகாது. அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் மின்செருகிக்கும் அருகில் அதை வைக்கக் கூடாது. தீபாவளி நாள்களில் சன்னலோரத்துப் புல் மூட்டையை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

நான்கு மாத மழைக்காலத்திற்கு ஒரு முயலுக்கு 12 கிலோ புல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அவ்வளவையும் வைப்பது எளிதன்று. மும்பையில் 'மாளா' எனப்படும் பரண் உள்ள வீட்டார் மே மாதத்திலேயே முழுவதையும் வாங்கி அடைக்கலாம். பரண் இல்லாதவர்கள் ஒரு மாதப் புல்லை மட்டும் டப்பாவில் வைத்துக்கொண்டு, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு கிலோப் பையாக வாங்குவதே நல்லது. அம்மாதங்களில் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வீணாகாது. மழைக்காலத்தில் பசும்புல் மலிவாகக் கிடைக்கும். நன்கு கழுவி நீர் வடித்த பசும்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால், உலர்புல்லின் அளவை ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் மாற்றினால் முயலுக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். ஒரு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரர் முன்னிலையிலேயே பையின் நடுவில் கைவிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மேற்புறம் எப்போதும் நன்றாகவே இருக்கும். நடுவில் வெதுவெதுப்போ பிசுபிசுப்போ இருந்தால் அது ஈரப்புல். ஒரு பிடியை முகர்ந்தால் தேயிலை போன்ற மணம் வர வேண்டும். மண்வாடையோ புளித்த வாடையோ வரக் கூடாது. உதறும்போது வெண்தூளோ கரும்பொடியோ பறந்தால் அப்பையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குச் செல்வதே மேல்.

அக்டோபரில் மழை ஓய்ந்ததும் புதிய புல் வரத் தொடங்கும். அப்போது டப்பாவின் அடியில் பழைய புல் சிறிது மிஞ்சியிருக்கலாம். அதன்மேலேயே புதியதைக் கொட்டாமல், பழையதை முகர்ந்து பார்த்து நன்றாக இருந்தால் முதலில் தீர்த்துவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். நிறம் மங்கிப் பழுத்துப்போன புல்லை முயலின் மலத்தட்டில் பரப்பலாம். புழுக்கையோடு சேர்ந்த அப்புல் சில வாரங்களில் மக்கிவிடும். வாசலில் உள்ள துளசித் தொட்டிக்கு அது நல்ல உரம்.